லேப்டாப் தானா ஹைபர்னேட் ஆகுற ஊர்ல ரேம்ல இருக்கிற ரகசியத்த எப்படி காப்பாத்துறது

ஜூன் ஜூலை காத்து மழையில கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் மரம் சாஞ்சு லைன் அறுந்து கரண்ட் போகும், அக்டோபருக்கு மேல வடகிழக்கு மழை வந்துட்டா குன்னூர் கோத்தகிரி பக்கம் அதே நெலம. நீலகிரில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஆனா கரண்ட் போனப்புறம் லேப்டாப் என்ன பண்ணுதுன்னு நிறைய பேர் கவனிக்கறதில்ல. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கி கடைசி அஞ்சு சதவீதம் கிட்ட வந்ததும் ஸ்க்ரீன் அணைஞ்சிடும், மறுநாள் கரண்ட் வந்து ஆன் பண்ணா நேத்து தொறந்து வெச்ச எக்செல் ஷீட், பேங்க் பக்கம், பாதி அடிச்ச மெயில் எல்லாம் விட்ட எடத்துலயே இருக்கும். அது ஷட்டவுன் ஆகல, ஹைபர்னேட் ஆகியிருக்கு. விண்டோஸ் லேப்டாப் பெரும்பாலும் பேட்டரி தீரப்போற நேரத்துல தானா இதத்தான் செய்யும், உங்ககிட்ட கேக்காது.

ஹைபர்னேட்னா ரேம்ல, அதாவது மெஷின் ஓடுறப்ப வேலைய தாங்குற தற்காலிக நினைவகத்துல, அந்த நிமிஷம் என்னென்ன இருக்கோ அத ஒரு ஃபைலா டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு மெஷின முழுசா அணைக்கிறது. விண்டோஸ்ல சி டிரைவ்ல ஹைபர்ஃபில் டாட் சிஸ்னு ஒரு மறைஞ்ச ஃபைல் இருக்கும், சாதாரணமா ரேம் அளவுல 40 சதவீதம் எடுத்துக்கும், 8 ஜிபி ரேம்னா மூணு ஜிபிக்கு மேல. நீங்க டிஸ்க்ல எப்பவுமே சேவ் பண்ணாத விஷயம் கூட இப்ப டிஸ்க்ல உக்காந்திருக்கும்: பாஸ்வேர்ட் மேனேஜர தொறந்து வெச்சிருந்தா அதுக்குள்ள இருந்தது, பிரவுசர் லாகின் பண்ணி வெச்சிருந்த செஷன் குக்கி, வாட்ஸ்அப் வெப்ல வந்த ஆதார் போட்டோ, என்க்ரிப்ட் பண்ண, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டின ஃபோல்டர தொறந்து வெச்சிருந்தா அதோட சாவி. ஃபைல் கம்ப்ரஸ் ஆகி தான் இருக்கும், ஆனா கம்ப்ரஸ் பண்றது பூட்டுறது இல்லீங்க, அத பிரிச்சு படிக்க வோலடிலிட்டி மாதிரி தடயவியல் டூல் இலவசமாவே கிடைக்குது.

விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கேனே, அது போதாதான்னு கேப்பாங்க. போதாது. லேப்டாப்போட டிஸ்க்க, அதான் எஸ்எஸ்டிய, கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டினா விண்டோஸ் பாஸ்வேர்ட யாரும் கேக்க மாட்டாங்க, ஃபைல் அப்படியே தெரியும்.

இது ஏதோ பெரிய கம்பெனிக்காரங்க கவலைன்னு தள்ளிடாதீங்க. நம்ம ஊர்ல யார் யார் கம்ப்யூட்டர்ல மத்தவங்க விவரம் இருக்குன்னு பாருங்க. ஹோம்ஸ்டே நடத்துறவங்ககிட்ட வந்து தங்குற ஒவ்வொருத்தரோட ஆதார், வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட், விசா காப்பி. தேயிலை ஃபாக்டரி ஆபீஸ்ல பச்சை இலை போடுற சின்ன விவசாயிங்க ஒவ்வொருத்தரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர், எடை கணக்கு. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஆனப்புறம் கெஸ்டுக்கு நாமளே போட்டுக் குடுக்கறோம்னு அவங்க போன் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் வாங்கி வெச்சிருக்கவங்களும் இருக்காங்க. க்ளினிக், ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை மையம், எல்லாம் இதே தான். கோத்தகிரில ஒரு ஹோம்ஸ்டே அக்கா கேட்டாங்க, "தம்பி, நான் கெஸ்ட் ஐடிய பாத்துட்டு டெலிட் பண்ணிடறனே, அப்புறம் என்ன பயம்?" ஃபைல டெலிட் பண்ணது சரி தான் அக்கா, ஆனா அத தொறந்து பாத்த பிரவுசர் டேப் இன்னும் தொறந்து கெடக்கறப்ப மெஷின் ஹைபர்னேட் ஆனா, அந்த படம் ரேம்ல இருந்து திரும்ப டிஸ்க்குக்கே வந்துடும். நம்மள நம்பி குடுத்தது, அதுக்கு நாம தான் பொறுப்பு.

சரி, அப்ப ஹைபர்னேட்ட ஆஃப் பண்ணிட்டு எப்பவும் ஸ்லீப்ல போட்டுடலாமான்னு தோணும். அவசரப்படாதீங்க. ஸ்லீப்ல ரேமுக்கு கரண்ட் போய்கிட்டே இருக்கும், டிஸ்க் என்க்ரிப்ஷன் சாவி உட்பட எல்லாமே உயிரோட ரேம்ல இருக்கும். 2008ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஆளுங்க ரேம் சிப்ப மைனஸ் 50 டிகிரி கிட்ட குளிர வெச்சு கழட்டினா பல நிமிஷத்துக்கு உள்ள இருக்கிறது அழியாம நிக்குதுன்னு செஞ்சு காட்டினாங்க, கோல்ட் பூட்னு அதுக்கு பேரு. 2018ல எஃப்-செக்யூர்ங்கிற பாதுகாப்பு கம்பெனி ஆளுங்க புது லேப்டாப்லயும் அது நடக்கும்னு காட்டிட்டு, ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் பண்ணுங்க, இல்லன்னா ஷட்டவுன் பண்ணுங்க, ஆன் பண்ணும்போது பின் கேக்கற மாதிரி வைங்கன்னு சொன்னாங்க. ஜனவரில தலைகுந்தால உறைபனி விழுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு என்கிட்ட கேக்கறாங்க, பயப்பட வேண்டாம், நம்ம பனி பூஜ்யத்த ஒட்டி தான் இருக்கும், அவங்க சிப் மேலயே ஸ்ப்ரே அடிச்சு குளிர வெக்கறாங்க, அது வேற. ஆனா பாடம் ஒண்ணு தான்: டிஸ்க் என்க்ரிப்ட் ஆகி, ஆன் பண்ணதும் பின் கேக்குதுன்னா ஹைபர்னேட் தான் ஸ்லீப்ப விட பாதுகாப்பு. என்க்ரிப்ட் ஆகலன்னா ஹைபர்னேட் தான் பெரிய ஓட்டை. அதனால மொதல்ல கவனிக்க வேண்டியது என்க்ரிப்ஷன்.

மொதல்ல உங்க மெஷின்ல என்ன நெலமன்னு பாருங்க. ஸ்டார்ட் மெனுல சிஎம்டின்னு தேடி, ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க. கருப்பு விண்டோல பவர்சிஎஃப்ஜின்னு இங்கிலீஷ் எழுத்துல சேத்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ஏ, அப்புறம் என்டர். மேல வர்ற லிஸ்ட்ல ஹைபர்னேட் இருந்தா உங்க மெஷின் அத செய்யும்னு அர்த்தம். ஹைப்ரிட் ஸ்லீப்னு இருந்தாலும் அதே மாதிரி தான், ஸ்லீப் போகும்போதே ரேம்ல இருக்கிறத டிஸ்க்லயும் எழுதி வெச்சுக்கும், டெஸ்க்டாப்ல இது சாதாரணமா இருக்கும், யாரும் கவனிக்கறதில்ல. யூபிஎஸ்ஸ யூஎஸ்பி வயர்ல டெஸ்க்டாப்போட இணைச்சிருந்தா விண்டோஸ் அத பேட்டரி மாதிரி பாத்து, அது தீரப்போறப்ப டெஸ்க்டாப்பையும் ஹைபர்னேட் பண்ண வாய்ப்பிருக்கு.

அதே விண்டோலயே மேனேஜ், அப்புறம் சின்ன கோடு, பிடிஈ, ஸ்பேஸ், சின்ன கோடு, ஸ்டேட்டஸ்னு அடிங்க. சி டிரைவுக்கு கீழ ரெண்டு வரிய மட்டும் கவனமா படிங்க. ஒண்ணு பர்சன்டேஜ் என்க்ரிப்டட், இன்னொண்ணு ப்ரொடெக்ஷன் ஸ்டேட்டஸ். நிறைய லேப்டாப்ல மேல 100 சதவீதம்னு இருக்கும், கீழ ப்ரொடெக்ஷன் ஆஃப்னு இருக்கும். அது பூட்டு மாட்டிட்டு சாவிய பூட்டுலயே விட்டுட்டு போற மாதிரி, டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கு ஆனா சாவி அதே டிஸ்க்ல வெளிப்படையா இருக்கு, யார் வேணா தொறக்கலாம். புது லேப்டாப் வாங்கி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போடாம லோக்கல் அக்கவுண்ட்ல ஆரம்பிச்சவங்களுக்கு இப்படித்தான் பாதில நிக்கும். ப்ரொடெக்ஷன் ஆன்னு வந்தா தான் கணக்கு.

விண்டோஸ் ஹோம் எடிஷன்னா செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன், அங்க ஆன் பண்ணுங்க. ப்ரோ எடிஷன்னா கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கர், அது தான் விண்டோஸோட டிஸ்க் என்க்ரிப்ஷன். ஆன் பண்றப்ப 48 இலக்க ரெகவரி கீ ஒண்ணு உருவாகும். அத அதே லேப்டாப்ல டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி வெக்காதீங்க, பேப்பர்ல எழுதி வீட்டு பத்திரம் இருக்கிற எடத்துல வைங்க. டிவைஸ் என்க்ரிப்ஷன்னா அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகும், பிட்லாக்கர்னா நீங்க அங்க சேவ் பண்ண சொல்லியிருந்தா தான், உள்ள போய் டிவைஸ் லிஸ்ட்ல உங்க லேப்டாப் பேருக்கு நேரா கீ இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க. பயாஸ் அப்டேட், மதர்போர்ட் மாத்துறது, எதுக்கு வேணா திடீர்னு அந்த கீய கேக்கும், அப்ப இல்லன்னா டேட்டா போச்சு, யாராலயும் எடுத்துத் தர முடியாது. இதுல நான் கண்டிப்பா இருப்பேன், கீ பேப்பர்ல ஏறாம பிட்லாக்கர் ஆன் பண்ணவே விடமாட்டேன்.

இப்ப பின். பிட்லாக்கர் சும்மா ஆன் பண்ணா சாவிய மெஷினுக்குள்ள இருக்கற டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் வெச்சிருக்கும், லேப்டாப் ஆன் பண்ணதும் தானா டிஸ்க்க தொறந்து லாகின் ஸ்க்ரீன் வரைக்கும் வந்துடும். எஸ்எஸ்டிய மட்டும் கழட்டிட்டு போற திருடனுக்கு இது போதும், முழு லேப்டாப்பையும் தூக்கிட்டு போறவனுக்கு போதாது, ஏன்னா ஆன் பண்ணா சாவி ரேமுக்கு வந்துடுது, அதுக்கப்புறம் தோண்ட வழி இருக்கு. ப்ரோ எடிஷன்ல ஸ்டார்ட் மெனுல ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சின்னு தொறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், பிட்லாக்கர் டிரைவ் என்க்ரிப்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ், இந்த வரிசைல உள்ள போனா ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கும், அத எனேபிள் பண்ணி ஓகே குடுங்க. அப்புறம் கன்ட்ரோல் பேனல் பிட்லாக்கர் பக்கத்துல ஸ்டார்ட்அப்ல டிரைவ எப்படி தொறக்கணும்னு மாத்துற லிங்க் வரும், அதுல என்டர் எ பின் எடுத்து குறைஞ்சது ஆறு இலக்கம் வைங்க, பொறந்த வருஷம் வேண்டாம், போன் நம்பர் கடைசி ஆறு வேண்டாம். அடுத்த தடவ ஹைபர்னேட்ல இருந்து எழுப்பும்போது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே நீலக் கலர் ஸ்க்ரீன்ல பின் கேக்கும். அது கேட்டா ஹைபர்னேட் ஃபைலும் அந்த பின்னுக்கு பின்னாடி தான் இருக்குன்னு நிம்மதியா இருக்கலாம்.

ஹோம் எடிஷன்ல இந்த பின் வசதி கிடையாது. அங்க வெராகிரிப்ட்ல சிஸ்டம் என்க்ரிப்ஷன் போடலாம், இலவசம், ஆன் பண்ணதும் பாஸ்வேர்ட் கேக்கும், ஹைபர்னேட் ஃபைலும் சேந்தே என்க்ரிப்ட் ஆகும். ஆனா ஏற்கனவே டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருந்தா அத மொதல்ல முழுசா எடுக்கணும், ரெஸ்க்யூ டிஸ்க் பண்ணி வெக்கணும், பேக்கப் எடுக்கணும், நடுவுல கரண்ட் போகாத நாளா பாத்து பண்ணணும். பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்சவங்கள பக்கத்துல வெச்சு பண்ணுங்க.

இன்னொரு விஷயம், விண்டோஸ் அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க. பிட்லாக்கர் போட்டிருந்தும் ஹைபர்னேட் ஃபைல என்க்ரிப்ட் ஆகாம டிஸ்க்ல எழுத வெக்கற ஒரு ஓட்டைய மைக்ரோசாஃப்ட் 2025 ஜனவரி அப்டேட்ல தான் அடைச்சது. டிஸ்க்ல ஒரு குறிப்பிட்ட எடத்த கெடுத்துட்டா அந்த ஃபைல என்க்ரிப்ட் பண்ற டிரைவர் லோட் ஆகாது, மெஷின் அப்படியே பச்சையா எழுதிடும், அது தான் விவகாரம். நெட் ஸ்லோன்னு மாசக்கணக்குல அப்டேட் போடாம வெச்சிருக்கவங்க இத மனசுல வெச்சுக்கோங்க.

என்க்ரிப்ஷன் முடிஞ்சா பாதி வேல முடிஞ்சது. மிச்சம், ஹைபர்னேட் ஆகுறப்ப ரேம்ல குறைவா இருக்கற மாதிரி பாத்துக்கறது. கீபாஸ்எக்ஸ்சிங்கிற பாஸ்வேர்ட் மேனேஜர் வெச்சிருக்கீங்கன்னா செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள போயி ஸ்க்ரீன் லாக் ஆனா, மூடிய மூடினா டேட்டாபேஸும் பூட்டிக்கணும்னு டிக் போடுங்க, கொஞ்ச நேரம் தொடலன்னா பூட்டறதுக்கும் ஒரு டிக் இருக்கு, அதையும் போடுங்க. வெராகிரிப்ட்ல முழு டிஸ்க்க பூட்டாம ஃபைல் கன்டெய்னர், அதாவது பூட்டின பெட்டி மாதிரி ஒரு ஃபைல், மட்டும் வெச்சிருக்கவங்க ப்ரிஃபரன்சஸ்ல பவர் சேவிங் மோடுக்கு போறப்ப தானா கழண்டுக்கற ஆப்ஷன ஆன் பண்ணணும், ஆனாலும் அவங்களே சொல்றது, கன்டெய்னர் மட்டும் வெச்சுட்டு முழு டிஸ்க் என்க்ரிப்ட் பண்ணலன்னா ஹைபர்னேட்ட ஆஃப் பண்ணிடுங்கன்னு, அது சரியான பேச்சு. பேங்க், ஜிஎஸ்டி, இ-பாஸ் பக்கம் எல்லாம் வேல முடிஞ்சதும் லாக்அவுட் பண்ணுங்க, டேப்ப மூடினா மட்டும் போதாது. பேட்டரி இருபது சதவீதத்துக்கு கீழ வந்துட்டா, கரண்ட் எப்ப வரும்னு தெரியலன்னா, பாஸ்வேர்ட் மேனேஜர பூட்டி, கன்டெய்னர கழட்டி, லாக்அவுட் பண்ணிட்டு நீங்களா அணைச்சிடுங்க, மெஷின் தானா முடிவெடுக்கற வரைக்கும் விடாதீங்க.

என்க்ரிப்ஷன் எதுவும் முடியாத பழைய மெஷின்னா ஹைபர்னேட்ட எடுத்துடுங்க. அதே கருப்பு விண்டோல பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ் எச், ஸ்பேஸ், ஆஃப். உடனே ஹைபர்ஃபில் ஃபைலும் போயிடும், மெஷின் சீக்கிரம் ஆன் ஆகறதுக்கு அதையே பயன்படுத்துற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்னுடும். பேட்டரி தீர்றப்ப சேவ் பண்ணாத வேல போயிடும்ங்கிறத ஏத்துக்கணும், அதனால எக்செல்ல ஆட்டோ சேவ் நேரத்த குறைச்சு வைங்க. ஃபைல் போச்சுன்னாலும் பழைய ஹார்ட் டிஸ்க்ல அது இருந்த எடம் அழியாம இருக்கும், சைஃபர், ஸ்பேஸ், ஸ்லாஷ் டபிள்யூ கோலன் சி கோலன்னு ஒரு கமாண்ட் குடுத்தா காலி எடத்த எல்லாம் மேல எழுதி அழிக்கும், பல மணி நேரம் ஆகும், ராத்திரி விட்டுடுங்க. எஸ்எஸ்டில இந்த மேல எழுதுற வித்தைய முழுசா நம்ப முடியாது, எழுதுற எடத்த அது உள்ளுக்குள்ள மாத்திக்கிட்டே இருக்கும், அதனால எஸ்எஸ்டின்னா மொத நாள்ல இருந்தே என்க்ரிப்ட் பண்றது தான் வழி.

லினக்ஸ்காரங்களுக்கு சுருக்கமா: ஹைபர்னேட் ஸ்வாப்ல, அதாவது ரேம் பத்தாதப்ப சிஸ்டம் பயன்படுத்துற டிஸ்க் பகுதில, எழுதும். எல்எஸ்பிஎல்கே அடிச்சு பாத்தா ஸ்வாப் கிரிப்ட்ங்கிறதுக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு தெரிஞ்சிடும். சிஸ்டம் இருக்கற ரூட் பகுதிய மட்டும் லக்ஸ்ங்கிற லினக்ஸ் டிஸ்க் என்க்ரிப்ஷன்ல பூட்டிட்டு ஸ்வாப்ப தனியா வெளிய விட்டிருந்தா ரூட்ட பூட்டினதுக்கே பிரயோஜனம் இல்ல. மெஷின் ஒவ்வொரு தடவ ஆன் ஆகுறப்பவும் புது சாவி போட்டு ஸ்வாப்ப என்க்ரிப்ட் பண்ற முறை இருக்கு, பாதுகாப்பு நல்லா இருக்கும் ஆனா அந்த சாவி அணைச்சதும் போயிடும், ஹைபர்னேட்ல இருந்து திரும்ப வர முடியாது. ஹைபர்னேட்டும் வேணும்னா லக்ஸுக்குள்ள எல்விஎம் (டிஸ்க்க பகுதிகளா பிரிக்கற முறை), அதுக்குள்ள ரூட்டும் ஸ்வாப்பும், ஸ்வாப் ரேம் அளவுக்காவது இருக்கட்டும். மேக்ல ஃபைல்வால்ட் ஆன் பண்ணுங்க, ஸ்லீப்இமேஜ் ஃபைலும் சேந்து பூட்டிக்கும், அதுக்கு மேல பெருசா எதுவும் வேண்டாம்.

குன்னூர்ல ஊட்டில வீட்ல இருந்தே கோடு எழுதற பசங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு தனியா ஒண்ணு. நினைவகத்த ரேம்லயே பிடிச்சு வெக்கற எம்லாக் பண்ணிட்டா சாவி டிஸ்க்குக்கு போகாதுன்னு நம்பாதீங்க. அது ஸ்வாப்புக்கு போகாம தடுக்கும், ஹைபர்னேட்ட தடுக்காது, மேன் பேஜ்லயே லாக் பண்ணாலும் பண்ணலன்னாலும் சஸ்பெண்ட் மோட் ரேம்ல இருக்கறத டிஸ்க்ல காப்பி எடுக்கும்னு எழுதியிருக்கு. விண்டோஸ் விர்ச்சுவல்லாக்கும் அதே தான். ஹைபர்னேட் வரப்போகுதுன்னு சிஸ்டம் சொல்றப்ப சாவிய நீங்களே அழிக்கணும்: விண்டோஸ்ல பவர் பிராட்காஸ்ட் மெசேஜ்ல சஸ்பெண்ட் வந்ததும், கிடைக்கறது சுமார் 2 செகண்ட் தான், லினக்ஸ்ல லாகின்டி அனுப்புற ப்ரிப்பேர் ஃபார் ஸ்லீப் சிக்னல், டிலே இன்ஹிபிட்டர் வாங்கி வெச்சா வழக்கமா 5 செகண்ட். அழிக்கறதுக்கு சாதாரண மெம்செட் போட்டா கம்பைலர் இது வேண்டாத வேலன்னு தூக்கிடும், செக்யூர் ஜீரோ மெமரி, இல்லன்னா எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோ போடுங்க. ரகசியத்துக்குன்னே தனி நினைவகம் தர்ற, லினக்ஸ் 5.14ல வந்த மெம்எஃப்டி சீக்ரெட் இன்னும் கறாரானது, அது பயன்பாட்டுல இருக்கற வரைக்கும் ஹைபர்னேட்டே ஆகாது, ஆனா பேட்டரி தீர்ற ஊர்ல யூசரோட வேல போயிடும்ங்கிறதையும் யோசிச்சு போடுங்க.

கடைசியா ரிப்பேர். இங்க ஸ்பேர் கிடைக்கலன்னா லேப்டாப்ப கோயமுத்தூருக்கு கீழ அனுப்புறோம், பஸ் பார்சல்ல, இல்ல தெரிஞ்சவங்க கையில. கழண்டு போற மூடியோட ஹைபர்னேட்லயே கெடக்கற மெஷின அப்படியே பைல போட்டு அனுப்பிடறாங்க, பிரிக்கறவர் கையில முழு ரேமும் ஃபைலா போய் சேருது. ஸ்டார்ட் மெனுல ஷட்டவுன் குடுத்தா கூட ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா நீங்க லாக்அவுட் ஆகியிருப்பீங்களே தவிர விண்டோஸோட கெர்னல் பகுதி ஹைபர்னேட் தான் ஆகும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஆன் பண்ணி, எல்லாத்துலயும் லாக்அவுட் பண்ணி, ஷிஃப்ட் கீய அமுக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, அப்ப தான் முழுசா அணையும். மெஷின் ஆனே ஆகலன்னா, எஸ்எஸ்டிய இங்கயே லோக்கல் ஆள்கிட்ட உங்க கண்ணு முன்னால கழட்டி வாங்கி வெச்சுட்டு மிச்சத்த மட்டும் கீழ அனுப்புங்க, டிஸ்ப்ளே மாத்தவோ ஹிஞ்ச் மாத்தவோ எஸ்எஸ்டி தேவையில்ல. மதர்போர்ட் மாத்தி வந்துச்சுன்னா எஸ்எஸ்டிய திரும்ப மாட்டுனதும் பிட்லாக்கர் அந்த 48 இலக்கத்த கேக்கும், பேப்பர எடுத்து நீங்களே அடிங்க, கடைக்காரர்கிட்ட போன்ல படிச்சு சொல்லாதீங்க.